ஆனந்தம் என்று எழுதியிருக்கலாம்

என் மகள் தேன்மொழி பதினொரு நாட்கள் என்னோடு பேசவில்லை. வயிற்றுக்குள் வெடித்துப்போன கருக்குழாயை அறுத்து எடுத்து, மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றி, மறுநாள்தான் ஒழுங்காகக் கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். அவளிடம் போய் நான் ஒரு கேள்வி கேட்டேன். கேட்க வைத்தது ஒரு காகிதத்தில் இருந்த ஒரு சொல். இரண்டு மாதம் ஆகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்வதற்குச் சிலர் இருக்கிறார்கள். அந்தச் சிலரில் நானும் ஒருவன்.

மதுரைத் தல்லாகுளத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் இருபத்தெட்டு வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். மனுக்களைத் தட்டச்சு செய்வது, நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது, வராந்தாவில் நிற்கும் கட்சிக்காரர்களுக்குத் தைரியம் சொல்வது, இவைதான் என் வேலை. வீடு ஆனையூரில். தேனு எங்களுக்கு ஒரே பிள்ளை. தனியார் பள்ளி ஒன்றில் கணினி சொல்லிக் கொடுக்கிறாள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. மாப்பிள்ளை கார்த்திக் இருசக்கர வாகன ஷோரூமில் சர்வீஸ் சூப்பர்வைசர். பெற்றோருடன் விளாங்குடியில் இருக்கிறார்.

தேனுவுக்கு இருபது நாள் தள்ளிப் போயிருந்தது. மருந்துக்கடையில் வாங்கிய அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. அன்று மாலையே சம்பந்தியம்மா பஸ் பிடித்து வந்து, என் மனைவி ராஜேஸ்வரியின் வாயில் அல்வாவைத் திணித்துவிட்டுப் போனார். நாலாம் நாள் துளித்துளியாக ரத்தம் பட்டது. வலதுபக்க அடிவயிற்றில் விட்டுவிட்டு வலி. ஸ்கேன் எடுத்தோம். எடுத்த டாக்டர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "கர்ப்பப்பையில இன்னும் ஒன்னும் தெரியல. நாள் பத்தல. பத்து நாள் கழிச்சு வாங்க."

இந்த இடத்தில் படிப்பவர்கள் நிற்க வேண்டும். அட்டையில் கோடு விழுந்திருக்கிறது, கர்ப்பப்பை காலியாக இருக்கிறது, ரத்தம் படுகிறது, ஒரு பக்கமாக வலிக்கிறது என்றால் கரு வேறு இடத்தில் தங்கியிருக்கலாம். இதற்குக் கருக்குழாய்க் கர்ப்பம் என்று பெயர். சினைப்பையிலிருந்து கர்ப்பப்பைக்கு வரும் மெல்லிய குழாயிலேயே கரு ஒட்டிக்கொண்டு வளர ஆரம்பித்துவிடும். பென்சில் தடிமன்கூட இல்லாத குழாய் எத்தனை நாள் தாங்கும்? பீட்டா எச்.சி.ஜி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. கர்ப்பமானால் சுரக்கும் ஹார்மோனின் அளவு அது. இரண்டு நாள் விட்டு இரண்டாம் முறை எடுத்துப் பார்த்தால் நன்றாக ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் இழுத்தால் சந்தேகப்பட வேண்டும். முன்கூட்டியே கண்டுபிடித்தால் சிலருக்கு அறுவை இல்லாமல் ஊசி மருந்திலேயே சரிசெய்ய முடியுமாம். எங்களுக்கு யாரும் அந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுக்கவில்லை. பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். பத்து நாள்!

ஓய்வுக்காக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஞாயிற்றுக்கிழமை வலது தோள்பட்டை வலிக்கிறது என்றாள். வயிற்று வலியைவிடத் தோள்வலிதான் அவளைப் படுக்கவிடவில்லை. பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். கர்ப்பம் என்றும் சொன்னேன், ரத்தம் படுகிறது என்றும் சொன்னேன்.

"நேத்து என்ன சாப்ட்ட? சுண்டலா?" என்றார் டாக்டர்.

"ஆமா சார், கொஞ்சம்."

"அதான். கேஸு மேல ஏறித் தோள்பட்டையப் பிடிச்சிருக்கு."

ஒரு ஊசி போட்டு, மூன்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். நானும் நம்பினேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் குளியலறையில் வாளி உருளும் சத்தம் கேட்டது. ராஜேஸ்வரி கதவைத் தள்ளித் திறந்தபோது தேனு ஈரத் தரையில் கிடந்தாள். உதடு காகிதம்போல வெளுத்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தவர், பிரஷை வாயிலேயே வைத்துக்கொண்டு காரை எடுத்தார். எந்த மருத்துவமனை என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. பெரியது, மாணவர்களும் படிக்கும் இடம்.

அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் தேனுவின் வயிற்றில் கை வைத்துக்கொண்டே கேட்ட முதல் கேள்வி, "தோள்பட்டை வலிச்சுச்சாம்மா?"

எனக்குத் தலையில் அடித்ததுபோல் இருந்தது. குழாய் கிழிந்து வயிற்றுக்குள் கசியும் ரத்தம் உதரவிதானத்தின் அடியில் போய்த் தேங்கும். மூச்சுக்கு உதவும் அந்தத் தசைக்கும் தோள்பட்டைக்கும் நரம்பு வழி ஒன்று என்பதால், கோளாறு வயிற்றில் இருந்தாலும் வலி தோளில் தெரியும். அதை அந்தப் பெண் ஒரு நிமிடத்தில் கேட்டுவிட்டாள். முந்தின நாள் ஒருவர் என் மகளைச் சுண்டல் தின்றதற்காகக் கண்டித்து அனுப்பியிருந்தார். கர்ப்பமாக இருக்கக்கூடிய எந்தப் பெண்ணும் தோள்வலி, தலைச்சுற்றல் என்று சொன்னால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அரைமணி நேரத்தில் அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். மாப்பிள்ளை ஷோரூம் சீருடையிலேயே வந்து சேர்ந்தார். அறுவைக்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார். சம்பந்தியம்மா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாடி, அம்புட்டுக் கஷ்டப்பட்டு வந்த உசுரு. எடுத்து கர்ப்பப்பையில வச்சுத் தச்சுவிட முடியாதா?"

"முடியாதும்மா. இப்ப உங்க மருமகளக் காப்பாத்தணும்."

ரத்தம் வேண்டும் என்றதும் மாப்பிள்ளையின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து நான்கு பேர் கிரீஸ் கையோடு வந்து நின்றார்கள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் கறுப்புப் போகவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்த ஒருவர், "மாமா, நீங்க காலையில இருந்து ஒன்னும் சாப்பிடல போல" என்று தனக்குக் கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டை என் சட்டைப் பையில் வைத்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் நல்ல மனிதர்களும் இருந்தார்கள் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இரண்டு மணி நேரம். வலது குழாயை எடுத்துவிட்டோம், இடது நன்றாக இருக்கிறது, இன்னொரு கர்ப்பத்துக்கு வழி இருக்கிறது என்றார்கள். ராஜேஸ்வரி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் மாலை நான்கு மணி, பார்வையாளர் நேரம். தேனு அரைத் தூக்கத்தில் இருந்தாள். மேல்படிப்புப் படிக்கும் இளம் டாக்டர் ஒருவர் வந்தார். நஸ்ரீன் என்று பெயர். ஒரு ஆராய்ச்சி செய்கிறார்கள், எடுத்த குழாயிலிருந்து ஒரு சிறு துண்டையும் கொஞ்சம் ரத்தத்தையும் அதற்குப் பயன்படுத்த தேனுவின் சம்மதம் வேண்டும் என்றார். "கட்டாயமே இல்ல. படிச்சுப் பாருங்க. நாளைக்கு வாரேன்" என்று ஒரு படிவத்தைப் படுக்கைக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சம்பந்தியம்மா பத்தாவது வரை படித்தவர். எதைக் கண்டாலும் வாய்விட்டு வாசிக்கும் பழக்கம் உண்டு. படிவத்தை எடுத்து எழுத்துக் கூட்டினார்.

"இடம் மாறிய கருவுறுதலில்... நோயாளியின்... உட்புறக் கஞ்சாவின் பங்கு."

அவர் மறுபடியும் வாசித்தார். "உட்புறக் கஞ்சான்னு போட்ருக்கு, மதினி."

ராஜேஸ்வரி கண்ணாடி போடாமல் எட்டிப் பார்த்தாள். "கஞ்சியா இருக்கும் மதினி. வயித்துல ஆபரேசன் பண்ணினவளுக்குக் கஞ்சி குடுக்கச் சொல்லி எழுதியிருப்பாங்க."

"கஞ்சிக்கு எதுக்கு ஆராய்ச்சி? சானாவுக்குக் கால் போட்டுக் கஞ்சான்னே இருக்கு. இந்தா, கீழ கேட்ருக்கான் பாருங்க. 'நீங்கள் கஞ்சா, புகையிலை, மது உபயோகிப்பவரா? ஆம், இல்லை.' உட்புறம்னா என்ன அண்ணே? உள்ளுக்குள்ள இருக்கிறதா?"

என்னைத்தான் கேட்டார். எழுத்துப் படித்த மனிதன் நான்தானே. படிவத்தை வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. நோயாளியின் உட்புறக் கஞ்சா.

சம்பந்தி ஓய்வுபெற்ற கண்டக்டர். தன் போனை எடுத்தார். படிவத்தைப் படம் பிடித்தார். விவரம் தெரிந்த மச்சான் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்கலாம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்த மச்சானுக்கும் விவரம் தெரிந்த வேறு யாரோ இருந்திருக்கிறார்கள். அன்று விளக்கு வைப்பதற்குள் திருமங்கலத்திலிருந்து என் ஒன்றுவிட்ட தங்கை கூப்பிட்டாள். "என்னண்ணே, நம்ம தேனுக்கு ஏதோ போதை மருந்துப் பிரச்சினையாம்ல?"

மாப்பிள்ளை தாமதமாக வந்தார். அவருடைய அம்மா படிவத்தை நீட்டினார். அவர் மேலிருந்து கீழே வாசித்தார்.

"ம்மா, அவ டீயே ரெண்டு வேளைக்கு மேல குடிக்க மாட்டா. இது என்னன்னு டாக்டர்ட்ட கேட்டாப் போச்சு" என்றார். மேசையில் வைத்துவிட்டு, தேனுவின் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் போர்வையால் மூடினார்.

அவர் அவளிடம் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் கேட்டேன்.

ஏன் என்று சொல்லியாக வேண்டும். இத்தனை வருடத்தில் கஞ்சா வழக்கில் நான் தட்டச்சு செய்த ஜாமீன் மனுக்களுக்குக் கணக்கில்லை. பொட்டலம், எடை, பறிமுதல் மகஜர், கைப்பற்றிய இடம் எல்லாம் விரலிலேயே இருக்கிறது எனக்கு. ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு அம்மாவோ அப்பாவோ வராந்தாவில் நிற்பார்கள். "எம்புள்ள அப்படி இல்ல சார். சிகரெட்டுக்கூட குடிக்க மாட்டான் சார்." நான் தலையை ஆட்டுவேன். உள்ளே வந்து தட்டச்சு செய்துகொண்டே மனத்துக்குள் சிரிப்பேன். பெற்றவர்களுக்குத்தான் கடைசியாகத் தெரியும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்த வராந்தாவில் நிற்கும் முட்டாளாக நான் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். ஏமாறாத அப்பன் என்று ஒரு திமிர்.

எல்லோரும் காபி குடிக்கப் போன நேரம் பார்த்து, குனிந்து, மெதுவான குரலில்தான் கேட்டேன். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது. "தேனு, கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல இருந்தப்ப எதுவும் பழக்கம் இருந்துச்சா? அப்பாட்டச் சொல்லு. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். முதலில் புரியவில்லை. மேசை மேல் இருந்த படிவத்தைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"அம்மாவ வரச் சொல்லுங்க" என்றாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை டாக்டர் நஸ்ரீன் வந்தபோது, வார்டு என்றும் பார்க்காமல் நான் சத்தம் போட்டேன்.

"யாரும்மா இத எழுதினது? உட்புறக் கஞ்சான்னா என்ன அர்த்தம்? எம்பிள்ளைய என்ன கேஸ்ல சேக்கப் போறீங்க?"

அந்தப் பெண் படிவத்தை வாங்கி வாசித்தாள். முகம் மாறியது. ஆங்கிலப் படிவத்தைக் கணினியில் போட்டுத் தமிழாக்கம் எடுத்திருக்கிறார்கள். திருத்த வேண்டியது அவள் பொறுப்பு. "நான் பொறந்தது இங்க முனிச்சாலைதான் சார், தமிழ் நல்லாப் பேசுவேன். படிச்சதெல்லாம் இங்கிலீஷ் மீடியம். வாசிச்சேன், தப்புன்னு தோணல. ஸாரி சார்."

"ஸாரியா? இதப் படம் பிடிச்சு ஊரு பூரா அனுப்பியாச்சு!"

சம்பந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எனக்கு இல்லை, தேனுவுக்குத்தான் சொன்னாள். தேனு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், ஆனால் தூங்கவில்லை.

"அக்கா, கருக்குழாய் சும்மா ஒரு குழாய் இல்ல. உள்ள மெல்லிசா மயிர் மாதிரி இருக்கும், சுவர்ல தசை இருக்கும். ரெண்டும் சேந்துதான் கருவத் தள்ளித் தள்ளிக் கர்ப்பப்பைக்குக் கொண்டுபோகும். நாலஞ்சு நாள் பயணம். எப்பச் சுருங்கணும், எப்பத் தளரணும்னு சொல்றதுக்கு உடம்பு சில பொருள்களத் தானாத் தயார் பண்ணுது. அதுல ஒன்னப் பத்தித்தான் இந்த ஆராய்ச்சி."

"அதுக்கு ஏன் கஞ்சான்னு பேரு?" என்று கேட்டேன். குரல் இன்னும் இறங்கவில்லை.

"கஞ்சா உடம்புல எப்படி வேலை செய்யுதுன்னு தேடிப் போனப்பதான் சார் இதக் கண்டுபிடிச்சாங்க. முதல்ல ஒரு பூட்டு மாதிரி இருக்கிறதப் பாத்தாங்க, கஞ்சா அந்தப் பூட்டத் திறக்குது. அப்புறம் யோசிச்சாங்க, உடம்புல பூட்டு இருந்தா உடம்புக்குன்னு சாவியும் இருக்கணும்ல? இருந்துச்சு. எல்லார் உடம்புலயும் இருக்கு. ஆனா பேரு மட்டும் கஞ்சாவ ஒட்டி வச்சுட்டாங்க."

திருடன் கள்ளச்சாவி போட்டுத் திறந்தான் என்பதற்காக வீட்டுக்காரன் சாவிக்குத் திருடன் பெயரை வைத்திருக்கிறார்கள்.

"எல்லார்ட்டயும்னா? எங்கிட்டயுமா?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"உங்ககிட்டயும்தாம்மா. சார்கிட்டயும் இருக்கு."

பக்கத்துப் படுக்கையில் கர்ப்பப்பை அறுவைக்கு வந்திருந்த மேலூர்ப் பக்கத்து அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏ ஆத்தி, அப்பப் போலீசு வந்தா வார்டோட அள்ளிட்டுப் போவணும் போலயே! சிரிக்க வைக்காதீங்கடி, தையல் இழுக்குது."

நஸ்ரீன் தொடர்ந்து சொன்னாள். அந்தப் பொருளின் அளவு கூடினாலும் சிக்கல், பூட்டு குறைந்தாலும் சிக்கல். எலிகளில் அந்தப் பூட்டை இல்லாமல் செய்து பார்த்தபோது கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கிவிட்டது. ஓயாமல் திறந்தே வைத்தாலும் அதேபோலத் தங்கியது. குழாய்க் கர்ப்பம் ஆன பெண்களின் குழாயிலும் வித்தியாசங்கள் தெரிந்திருக்கின்றன. அந்த வித்தியாசத்தால் கரு தங்கியதா, கரு தங்கியதால் அந்த வித்தியாசம் வந்ததா என்பது இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் துண்டு கேட்கிறார்கள். வெளியிலிருந்து கஞ்சா எடுத்தால் அளவுக் கணக்கு குழம்பிவிடும், புகையிலை குழாயைக் கெடுக்கும், அதனால் அந்தக் கேள்வியை எல்லோரிடமும் கேட்கிறார்கள்.

"அப்ப எம்மகளுக்கு இதுனாலதான் வந்துச்சா?"

"தெரியாது சார். முன்னாடி கிருமித் தொற்று வந்திருந்தாலும் வரும். ஒரு காரணமும் இல்லாமலும் நெறையப் பேருக்கு வருது. ஒன்னு மட்டும் தெரியும். அக்கா எதுவும் தப்பாப் பண்ணல." அவள் தயங்கினாள். "இன்னொன்னு சார். அந்தப் பொருளோட பேரு ஆனந்தமைடு. ஆனந்தம்னு நம்ம சொல்றோம்ல, அதே சொல்லுதான். கண்டுபிடிச்சவங்க அத எடுத்துத்தான் வச்சாங்க."

ஆனந்தம். வெளிநாட்டில் ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கு ஆனந்தம் என்று வைக்கத் தோன்றியிருக்கிறது. மதுரையில், தமிழில், தமிழச்சி ஒருத்தியின் படுக்கையருகே வைத்த காகிதத்தில் அது கஞ்சாவாகிவிட்டது. யாராவது ஒருவர், ஒரே ஒரு முறை, இதைத் தன் வீட்டுப் பெண் படிப்பாள் என்று நினைத்து வாசித்திருந்தால் போதும். ஆங்கிலப் படிவத்தைப் பத்துப் பேர் கொண்ட குழு பார்த்து முத்திரை வைத்ததாம். தமிழைப் பார்க்க ஒரு ஆள் இல்லை. தமிழைத்தானே நாங்கள் படிக்கிறோம்?

சம்பந்தியம்மா அன்று யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. புருஷனைப் பார்த்து, "அனுப்புனீங்கள்ல? அம்புட்டுப் பேருக்கும் அது பொய்யின்னு இப்பவே அனுப்புங்க" என்றார். அவர் அனுப்பினார். முதலில் போனதைப் பரப்பியவர்கள் இரண்டாவது செய்திக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். திருமங்கலத்துத் தங்கை போன வாரம்கூட, "இப்பத் தேனு அதெல்லாம் விட்டுட்டாளாண்ணே?" என்று கேட்டாள்.

சம்பந்தியம்மா மறுநாளிலிருந்து தினமும் விளாங்குடியிலிருந்து பூண்டுக் கஞ்சி கொண்டு வந்தார். தூக்குவாளியைத் திறக்கும்போது, "கஞ்சிதாம்மா. நல்லாப் பாத்துக்க, கால் இல்ல" என்பார். தேனு சிரிப்பாள். அவருக்கு மன்னிப்பு அப்படிக் கிடைத்துவிட்டது.

எனக்குக் கிடைக்கவில்லை. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். என்னிடம் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வாள். நான் அறைக்குள் போனால் போனை எடுத்துக்கொள்வாள். நான் உரித்து வைக்கும் மாதுளையைச் சாப்பிடுவாள், கிண்ணத்தை என் கையில் தராமல் தரையில் வைப்பாள். தினமும் வேலை முடிந்து மாப்பிள்ளை வருவார். அறைக்குள்ளிருந்து இரண்டு பேரும் பேசும் சத்தம் கேட்கும். ஒருநாள் அழுகைச் சத்தம். குழந்தைக்காக அவள் அழுதது அன்றுதான். அவரிடம்தான் அழுதாள். அதற்கு இடம் கொடுத்தவர் அவர்தானே.

"நீங்க கேட்டது தப்புன்னு அவகிட்டச் சொல்லுங்க" என்றாள் ராஜேஸ்வரி.

சொன்னேன். கதவருகே நின்று, "அப்பா கேட்டது தப்பும்மா" என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாக்கியத்தில் ரத்து செய்ய அது என்ன மனுவா?

என்னால் முடிந்தது ஒன்றுதான். அலுவலகம் முடிந்ததும் உட்கார்ந்து அந்தப் படிவத்தை முதலிலிருந்து எழுதினேன். நஸ்ரீனிடம் போனில் கேட்டுக் கேட்டு நாலு நாள் எழுதினேன். மனுக்களுக்கும் நான் இத்தனை அடித்தல் திருத்தல் போட்டதில்லை. உட்புறக் கஞ்சாவை எடுத்துவிட்டு, "நம் உடல் தானாகவே சுரக்கும், ஆனந்தமைடு என்னும் பொருள்" என்று போட்டேன். "இது எல்லோர் உடலிலும் உண்டு" என்று அடுத்த வரி. பழக்கங்களைப் பற்றிய கேள்வியைத் தனித் தாளுக்கு மாற்றி, அதன் மேலே, "இக்கேள்வி இவ்வாய்வில் சேரும் எல்லாப் பெண்களிடமும் கேட்கப்படுகிறது, உங்கள் மீது உள்ள சந்தேகத்தால் அல்ல" என்று எழுதினேன். அதற்கும் மேலே, "விரும்பினால் தனிமையில் பதிலளிக்கலாம், குடும்பத்தார் உடனிருக்கத் தேவையில்லை" என்று சேர்த்தேன். கீழே வழக்கம்போல நோயாளி கையொப்பம், சாட்சி கையொப்பம் என்று இரண்டு கோடு.

பதிமூன்றாம் நாள் காயத்தைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனோம். தேனு, மாப்பிள்ளை, நான். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், நடுவில் மாப்பிள்ளை. நஸ்ரீன் வந்து, என் படிவத்தை அப்படியே ஏற்று, குழுவிடம் காட்டி அனுமதி வாங்கிவிட்டதாகச் சொன்னாள். அச்சடித்த பிரதி அவள் கையில் இருந்தது. "அக்கா, கட்டாயமில்ல. இப்பவும் வேணாம்னா வேணாம்."

"குடுங்க டாக்டர்" என்றாள் தேனு.

ஒவ்வொரு வரியாக வாசித்தாள். தனித் தாளுக்கு வந்ததும் நின்றாள். குடும்பத்தார் உடனிருக்கத் தேவையில்லை என்ற வரியில் அவள் விரல் இருந்தது. அது யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியும். என் தமிழைப் படித்து வளர்ந்தவள்.

"உள்ள தனியா உக்காந்து எழுதுறீங்களாக்கா?" என்றாள் நஸ்ரீன்.

"வேணாம். இங்கேயே எழுதுறேன்."

பேனாவுக்காகக் கையை நீட்டினாள். என் பக்கம்தான் நீட்டினாள். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கஞ்சா, புகையிலை, மது என்ற மூன்றுக்கும் எதிரே "இல்லை" என்பதை வட்டமிட்டாள். மூன்றாவது வட்டத்தில் தாள் லேசாகக் கிழிந்தது. மாப்பிள்ளையின் மடியைத் தாண்டி அந்தத் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அன்னைக்குக் கேட்டீங்கள்லப்பா. இந்தாங்க, படிங்க."

படித்தேன். அவள் தாளை இழுத்துக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் சாட்சிக்கான கோடு காலியாக இருந்தது. இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் காகிதத்தில் அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்? முன்பின் தெரியாதவர்களின் ஒப்பந்தங்களுக்கும் உயில்களுக்கும் நான்தான் சாட்சி. என் கை தானாக நீண்டது.

"நீங்க வேணாம்ப்பா" என்றாள் தேனு. "கேக்காதவரு போடட்டும்."

படிவத்தை மாப்பிள்ளையின் முழங்கால் மேல் வைத்தாள். அவர் சங்கடப்பட்டு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை காத்திருந்து, தேனு பேனாவை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். இந்த முறை கீழே வைக்கவில்லை. என் கையில் கொடுத்தாள்.